பெரட்டுத் திடலில் பார்த்த வால்நட்சத்திரம்

2024 தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 28, திங்கட்கிழமை. வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு நீலாயிலிருந்து பாட்டி வீட்டுக்குக் கிளம்பினேன். பாட்டிக்கு முறுக்கு சுட உதவி செய்யப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அலுவலகத்தில் குடும்ப வேலை என்றேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் உண்மைக் காரணம் வேறு. அன்று மாலை ஏழரை மணி வாக்கில் ஒரு வால்நட்சத்திரம் சூரியனை உரசிக்கொண்டு திரும்பவிருந்தது. அதைப் பாட்டியோடு உட்கார்ந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

பாட்டி இருப்பது சிரம்பானுக்கும் லிங்கிக்கும் இடையில் ஒரு தோட்டத்தில். ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பால்மரம். இப்போது எல்லாம் செம்பனை. லயத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகள் சிரம்பான், கிள்ளான், ஜொகூர் என்று போய்விட, பாட்டி மட்டும் அசையவில்லை. வயது எழுபத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை. "கண்ணு தெரியலன்னா என்ன, இங்க எந்தக் கல்லு எங்க கெடக்குன்னு காலுக்குத் தெரியும்" என்பார்.

இந்த வால்நட்சத்திரப் பைத்தியம் எனக்கு அந்த மாதம்தான் பிடித்தது. அக்டோபர் நடுவில் சூச்சின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் மாலை வானத்தில் வந்தது. நண்பர்கள் புலனத்தில் படம் அனுப்ப அனுப்ப, ஒரு நாள் போர்ட்டிக்சனுக்குக் காரை ஓட்டினேன். பிறை பார்க்கும் நிலையம் இருக்கிறதே, தெலுக் கெமாங், அந்தக் கடற்கரைப் பக்கம். மேற்கே மலாக்கா நீரிணைக்கு மேல் மேகத்துக்கு நடுவே, யாரோ ஈரத் துணியால் துடைத்த சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு மங்கல். அவ்வளவுதான். ஆனாலும் கரையை விட்டு நகர மனம் வரவில்லை.

மறுநாள் பாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி. "வாலு மேல நின்னுச்சா, சாஞ்சு கெடந்துச்சா?"

"சாஞ்சு பாட்டி. ஏன்?"

"நான் பாத்தது நிமிந்து நின்னுச்சு. வெள்ளாவி வச்ச வேட்டியக் காயப் போட்ட மாதிரி."

அதற்கு மேல் பேசவில்லை. போனை வைத்துவிட்டார். எனக்கு முப்பத்தொரு வயது. பாட்டி வால்நட்சத்திரம் பார்த்தவர் என்று அன்றுதான் தெரியும்.

எது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பாட்டி பத்தொன்பது வயதில், கல்யாணமான முதல் வருடத்தில், விடிகாலையில் கிழக்கே பார்த்தது என்றால் அது இக்கேயா-செக்கியாகத்தான் இருக்க வேண்டும். 1965 செப்டம்பர் 18ஆம் தேதி ஜப்பானில் இரண்டு பேர், ஒருவரையொருவர் அறியாமல், சில நிமிட இடைவெளியில் அதைக் கண்டுபிடித்தார்கள். கௌரு இக்கேயா பியானோ தொழிற்சாலைத் தொழிலாளி. சுத்தோமு செக்கி கித்தார் சொல்லிக்கொடுப்பவர். இக்கேயா கண்ணாடியைத் தானே தேய்த்துத் தொலைநோக்கி செய்துகொண்டவர். பட்டம் இல்லை, வசதி இல்லை, தூக்கத்தை விட்டுக் கொடுத்தார். பாட்டியும் அதே நேரத்துக்குத்தான் எழுந்தார், அவருக்குப் பெரட்டு.

அக்டோபர் 21ஆம் தேதி அந்த வால்நட்சத்திரம் சூரியப் பரப்பிலிருந்து சுமார் நாலரை லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் வளைந்து திரும்பியது. நமக்கும் நிலாவுக்கும் இருக்கும் தூரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அப்போது அதன் வேகம் நொடிக்கு 450 கிலோமீட்டருக்கும் மேல். சிரம்பானில் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள் பாதி வழி பினாங்கு. கையால் சூரியனை மறைத்துக்கொண்டு பட்டப்பகலில் அதைப் பார்த்தவர்கள் உண்டு. மூன்று நாள் கழித்து அமாவாசை, அதை ஒட்டித் தீபாவளி. தீபாவளி முடிந்த வாரத்தில் நிலவில்லாத விடியற்காலை வானத்தில் அந்த வால் நீண்டு எழுந்தது. வாலின் தலைமாடு அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே வால் வந்துவிடும். அதனால்தான் பாட்டிக்கு அது வேட்டி.

இப்போது 2024க்கு வருகிறேன். செப்டம்பர் 27ஆம் தேதி ஹவாயிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தது. பெயர் சி/2024 எஸ்1. அட்லஸின் வேலை பூமியில் மோதக்கூடிய விண்கற்களைத் தேடுவது. வால்நட்சத்திரம் வலையில் கூடவே விழுகிற மீன். கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் துள்ளினார்கள். இது இக்கேயா-செக்கியின் குடும்பம்!

குடும்பம் என்பது வெறும் உவமை இல்லை. சூரியனை உரசிப் போகும் வால்நட்சத்திரங்களில் ஒரு பெரும் கூட்டம் கிட்டத்தட்ட ஒரே பாதையில் வருகிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிக் குரோய்ட்ஸ் ஆராய்ந்து சொன்னார். என்றோ ஒரு மூதாதை வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில் போய் உடைந்திருக்கிறது. அதன் துண்டுகள் நூற்றாண்டுகள் கழித்துத் திரும்பி வந்து மறுபடி உடைந்தன. 1843இல் வந்ததும், 1882இல் வந்ததும், 1965இல் பாட்டி பார்த்ததும், 2011இல் ஆஸ்திரேலியாவின் டெர்ரி லவ்ஜாய் கண்டுபிடித்ததும் எல்லாம் ஒரே வம்சம். பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "நாகப்பட்டணத்துல கப்பல் ஏறுனது ஒரு ஆளு. இன்னிக்கு ரந்தாவ்ல கொஞ்சம், பகாவ்ல கொஞ்சம். அந்த மாதிரின்னு சொல்லு" என்றார். அதை நான் இவ்வளவு அழகாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை. பாட்டியின் வால்நட்சத்திரத்துக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று ஐம்பத்தொன்பது வருடம் கழித்து அதே அக்டோபரில், அதே தீபாவளி நேரத்தில் வருகிறது. தப்பிப் பிழைத்தால் தீபாவளி வார விடியலில் கிழக்கே தெரியலாம் என்று பேச்சு. மாமா பிள்ளைகளிடம் வேறு அடித்துச் சொல்லியிருந்தேன். அதுதான் நான் செய்த தவறு.

சூரியனுக்கு அத்தனை பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்க முடியாது; பார்க்கவும் கூடாது, பைனாகுலர் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. அதைப் பார்க்கத்தான் விண்வெளியில் சோஹோ இருக்கிறது. மென்பொருள் நிறுவனம் என்று நினைத்துவிடாதீர்கள். இது ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2இல் ஏவிய விண்கலம். பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு ஏறக்குறைய முப்பது வருடமாகச் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கிறது. 1998இல் ஒரு தடவை தொடர்பு அறுந்து, செத்தே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு மீட்டெடுத்தார்கள். இப்போது அதே இடத்துக்கு அருகே இந்தியாவின் ஆதித்யா-எல்1 விண்கலமும் 2024 ஜனவரியிலிருந்து சுற்றி வருகிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி, செங்கோட்டைக்காரர்.

சோஹோவின் உத்தி எளிமையானது. வெயில் கண்ணைக் கூசும்போது கையை நெற்றிக்கு நேரே பிடிக்கிறோமே, அதேதான். கேமராவுக்கு முன்னால் ஒரு வட்டத் தகடு சூரியனை மறைத்துவிடும். சுற்றியிருக்கும் மங்கலான ஒளி மட்டும் பதியும். தகட்டின் நடுவில் ஒரு வெள்ளை வளையம் வரைந்திருப்பார்கள், சூரியனின் உண்மை அளவு அது. அகலமாகப் பார்க்கும் கேமராவின் படம் நீல நிறம், நெருங்கிப் பார்ப்பது செம்மஞ்சள். நிறம் இரண்டும் நம் வசதிக்குச் சேர்த்தவை. படங்கள் இணையத்தில் இலவசம். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புதிய வால்நட்சத்திரமே கண்டுபிடிக்கலாம். சோஹோ படங்களில் 3000ஆவது வால்நட்சத்திரத்தை 2015இல் கண்டுபிடித்தவர் நம் பக்கத்து நாட்டுக்காரர், தாய்லாந்தின் வொராசேட் பூன்பிளோட். 2024 மார்ச்சில் எண்ணிக்கை 5000ஐத் தொட்டது. இந்த 5000 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பாட்டியிடம் வேலை வைத்தது அதுதான்.

தோட்டத்தில் இணைய வசதி எப்படி என்று தோட்டத்தில் உறவுக்காரர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும். பாட்டி வீட்டில் ஒரு கோடு, மாரியம்மன் கோயில் படிக்கட்டில் மூன்று கோடு. நெய் உருண்டையும் அச்சு முறுக்கும் முடித்து, கை கழுவி, ஆறு மணி வாக்கில் மடிக்கணினியும் கையுமாகக் கோயிலுக்குப் போனோம். பாட்டி, நான், மாமாவின் இரண்டு பையன்கள். எதிரில் இருப்பதுதான் பழைய பெரட்டுத் திடல். இப்போது அதில் பசங்கள் பந்து விளையாடுகிறார்கள்.

படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நீல வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு சூரியனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது. வால் இருந்தது, தலை இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் ஊசி மாதிரி பளிச்சென்ற புள்ளி இருக்க வேண்டும். இதில் பஞ்சு பிய்ந்தது போல ஒரு நீளப் புகை. மாதத் தொடக்கத்திலேயே அது பலவீனமாகி உடையத் தொடங்கிவிட்டது என்று வானியலாளர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சோஹோவின் பார்வைக்குள் நுழைந்தபோதே அது ஒரு கல் குவியல்தான். சூரியனை நெருங்க நெருங்கக் கோடு மெலிந்து, செம்மஞ்சள் படத்தில் ஆவியாகிப் போனது. தகட்டின் மறுபக்கம் எதுவும் வெளியே வரவில்லை.

"என்னாக்கா, அவ்ளோதானா?" என்றான் சின்னவன். பெரியவன் பந்து விளையாடப் போய்விட்டான்.

பாட்டிக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "செத்துப் போச்சா?" என்றார்.

"ஆமா பாட்டி. ஒடஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் திடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். இருட்டும் வரை நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.

1965இல் பாட்டிக்கு நிறைமாதம். அப்போதும் வேலைக்குப் போனார். கையில் உளி, தோளில் காண்டா வாளி, நெற்றியில் கார்பைட் விளக்கு. பால்மரத்துக்குள் நுழைந்துவிட்டால் வானமே தெரியாது, வானம் தெரிகிற ஒரே இடம் பெரட்டுத் திடல். தண்டல் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது யாரோ கத்தினார்கள். எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். பெரியவர்கள் கர்ப்பிணிப் பெண்களைப் பார்க்க வேண்டாம் என்று முக்காடு போட்டுத் திருப்பி நிறுத்தினார்கள். மாமியார் இவர் தலையிலும் துண்டைப் போட்டார்.

"நான் துண்ட வெலக்கிப் பாத்தேன் கண்ணு. அப்புடி ஒரு அழகு. அதுக்கப்புறம் தெனமும் பாத்தேன். மரத்துக்குப் போற வழியில கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போவேன்."

இரண்டு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பதினோரு நாள் இருந்தது. ஜுரம். தோட்டத்து டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார், கேட்கவில்லை. பேர்கூட வைக்கவில்லை. ஈமக்காரியம் முடிந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார்: வாலைப் பார்த்தவள் வயிற்றில் பிள்ளை எப்படித் தங்கும்?

அந்த வருடம் அப்படிப் பேச எல்லாம் தோதாக அமைந்தது. ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்தது. இந்தியா-பாகிஸ்தான் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி இறந்தார். வானொலியில் எந்தச் சாவுச் செய்தி வந்தாலும் லயத்தில் அந்த வாலைத்தான் பேசினார்கள். வால்வெள்ளிக்குக் கெட்ட பெயர் நம்மிடம் நேற்று வந்ததில்லை. சங்க காலக் கபிலரே பாரியின் நாட்டைப் புகழும்போது அதைத் தீய நிமித்தங்களில் ஒன்றாகத்தான் சேர்க்கிறார். ஐரோப்பாவிலும் சீனாவிலும் இதே கதைதான். ஆனால் ராசாவுக்கு ஆகாது என்று சொல்வது வேறு, பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து உன் கண்ணால்தான் உன் பிள்ளை போனது என்று சொல்வது வேறு. இதை எழுதும்போதும் எனக்கு, நான் பார்த்தேயிராத அந்தக் கொள்ளுப்பாட்டி மேல் கோபம் வருகிறது. அவருக்கும் எத்தனை பிள்ளை போனதோ.

அம்மா பிறந்தது 1967. தனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்று அம்மாவுக்கே அரைகுறையாகத்தான் தெரியுமாம்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. விஞ்ஞானம் பேசுகிற நேரமா அது? பேசாமல் இருக்கவும் முடியவில்லை. திரையில் இருந்த படத்தைக் காட்டி, "பாட்டி, இந்த ஒரு மெஷின் மட்டும் இது வரைக்கும் அஞ்சாயிரத்துக்கு மேல பாத்திருக்கு" என்றேன்.

"அஞ்சாயிரமா? எத்தன வருசத்துல?"

"இருவத்தெட்டு வருசத்துல. ரெண்டு நாளைக்கு ஒண்ணுன்னு வச்சுக்குங்களேன். முக்காவாசிக்கு மேல உங்க வால்நட்சத்திரத்தோட குடும்பம். சின்னச் சின்னது, வெளிய தெரியாது, சூரியனுக்குள்ள போயி கரைஞ்சிடும்."

பாட்டி விரல் மடக்கினார். மாதம் எத்தனை நாள் மரம் வெட்டினோம் என்று கணக்குப் பார்த்த விரல்கள்.

"ரெண்டு நாளைக்கு ஒண்ணா? அப்ப உங்கம்மா பொறந்த அன்னிக்கும் ஒண்ணு போயிருக்குமே?"

"போயிருக்கலாம் பாட்டி. அன்னிக்கு இல்லன்னா மறுநாள்."

"என் மாமியா பொறந்த அன்னிக்கும்?"

"அன்னிக்கும்தான்."

பாட்டி சிரித்த மாதிரி இருந்தது. இருட்டில் சரியாகத் தெரியவில்லை. "இத யாராச்சும் அப்பவே வந்து சொல்லியிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்தோமா என்று கேட்டார். அணைத்திருந்தோம்.

தீபாவளியன்று விடியற்காலை எண்ணெய் வைப்பதற்கு முன் அவர் பின்வாசலில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். பார்க்க எதுவும் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

டிசம்பரில் பாட்டிக்கு ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை நடந்தது. இத்தனை வருடம் வேண்டாம் வேண்டாம் என்றவர், தீபாவளிக்குப் பிறகு தானாகவே கேட்டார். ஓய்வுக்காகச் சிரம்பானில் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது இன்னொன்று வந்தது. சி/2024 ஜி3. 2024 ஏப்ரலில் சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டது. இது குரோய்ட்ஸ் வம்சம் இல்லை. சூரியனிடமிருந்து சுமார் 1 கோடியே 40 லட்சம் கிலோமீட்டர் தள்ளியே திரும்பியது. ஆனால் எஸ்1 போல நோஞ்சான் இல்லை. சூரியனை நெருங்கிய நாள் 2025 ஜனவரி 13, போகிப் பண்டிகை.

இந்த முறை நான் யாருக்கும் எதையும் சத்தியம் செய்யவில்லை. வேலை முடிந்து வந்து மடிக்கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்தேன், அவ்வளவுதான். நீலப் படம் திரை முழுக்க விரிந்தது. ஒரு பக்கத்தில் வால்நட்சத்திரம், விசிறி போல விரிந்த வாலோடு. கேமராவே தாங்காத வெளிச்சம். தலையிலிருந்து இரண்டு பக்கமும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு வழிந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் ரெக்க மொளச்சிருக்கு" என்றார் பாட்டி.

ரெக்கை இல்லை, கேமராவில் ஒளி நிரம்பி வழிந்த தடம் என்று விளக்கினேன். தலையாட்டினார். சமையலறையிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றார். மணிக்கணக்கில் எடுத்த படங்களைக் கோத்துப் படம் போல ஓட்டினேன். சூரியனைச் சுற்றிக்கொண்டு, வாலை எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொண்டு, அது தாண்டிப் போனது. வால் பின்னால் இழுபடுகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம், அப்படி இல்லை. சூரியக் காற்றும் ஒளியும் தள்ளுகிற திசையில்தான் வால் நிற்கும். திரும்பிப் போகும்போது வால்தான் முன்னால் போகும். பாட்டி இதை இரண்டு முறை ஓட்டச் சொன்னார். அதுவும் பிழைக்கவில்லை என்பது சில நாள் கழித்துத் தெரிந்தது. தென்கோளத்தில் நீளமான வாலைக் காட்டியபடியே தலை சிதைந்துபோனது. அன்று அது தெரியாது.

பிறகு 1965இல் எடுத்த இக்கேயா-செக்கியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தேடியெடுத்துத் திரையில் வைத்தேன். விடியல் வானம், அடிவானத்திலிருந்து சற்றே வளைந்து எழும் வெள்ளை வால். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொல்லாமலே அது எது என்று அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

பாட்டி அறுவை செய்த கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைக் கையால் பொத்தியபடி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது இல்ல" என்றார் கடைசியில்.

"இதுதான் பாட்டி. தேதி போட்டிருக்கு."

"இது சின்னதா இருக்கு. நான் பாத்தது இதவிடப் பெருசு."